நுரைநாதர் வீட்டு மீன்

பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, கடைசிச் சொட்டு சலவைத் திரவத்தையும் இயந்திரத்துக்குள் இறக்குகிறார் எங்கள் தெருச் சலவைக்கடைக்காரர். அளந்து ஊற்ற மூடி கொடுத்திருக்கிறார்களே என்றால், "அதெல்லாம் கஞ்சனுங்களுக்கு" என்பார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நுரை பொங்கித் துணி மறைந்து போக வேண்டும். அப்போதுதான் மனிதருக்கு மூச்சே சீராக வரும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. தெருவுக்கு அவர் நுரைநாதர். ஒருமுறை நுரை வாசல்வரை வழிந்தபோது, உள்ளே போன கறுப்பு நாய் வெள்ளைப் பூனையாக வெளியே வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் பூனையையே கேட்டுக்கொள்ளலாம்.

"நுரை வரலேன்னா அழுக்கு போகலேன்னு அர்த்தம்." இதுதான் அவருடைய வேதம். நுரைக்கும் சுத்தத்துக்கும் அப்படியொன்றும் நெருங்கிய உறவில்லை என்று யாராவது சொன்னால், சொன்னவரின் சட்டைக் காலரைத்தான் முதலில் பார்ப்பார். துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், "வெளியே" என்பார். வாய்க்கால், ஆறு, கடல், அண்டசராசரம் அனைத்தும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கம்.

அந்த 'வெளியே'யில்தான் அவருடைய கூடப்பிறந்த அக்கா மீன் வளர்க்கிறார். கடைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் நேராக இறங்குவது அந்த அக்காவின் குளத்தில். வாராவாரம் கொழுத்த மீனாகப் பார்த்துத் தம்பி வீட்டுக்கு அனுப்புவார் அக்கா. தம்பியும் நன்றி மறவாமல் தினந்தோறும் நுரை அனுப்பிவைப்பார். எவ்வளவு பாசமான கொடுக்கல் வாங்கல்!

போன வாரம் அக்கா ஒரு வாளியைக் கொண்டுவந்து கடை நடுவில் தொப்பென்று வைத்தார். உள்ளே மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடின.

"என்னக்கா, பாட்டு கத்துக்குதா?"

"மூச்சு முட்டுதுடா! குளத்துல பாதி செத்து மிதக்குது. இன்னும் உன் நுரை வந்துச்சு, குளத்தை மூடிட்டு உன் வீட்டுலதான் வந்து உக்காருவேன். மூணு வேளையும் வக்கணையாச் சோறு போடு."

கூட வந்திருந்த அக்காவின் மகள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து காட்டினாள்.

"பாருங்க மாமா, இது மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும். துணியில எண்ணெயைக் கழட்டுற உங்க சரக்கு இதையும் கழட்டிடுது. அதுவே உள்ள போய் ஈரல்லயும் பித்தப்பையிலயும் தங்கிடுது."

"அப்போ உள்ளயும் வெளியயும் வெளுத்த மீனுன்னு சொல்லு, மருமகளே! ரெட்டை விலைக்கு விக்கலாமே!"

துணி வாங்க வந்த இருவர் சிரித்துவிட்டார்கள். போதாதா? நுரைநாதர் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த மீனையே வறுங்க. குடும்பத்தோட உக்காந்து தின்னு காட்டுறேன். அதுக்கப்புறம் யாரும் என் நுரையைப் பத்தி மூச்சு விடக்கூடாது."

"தின்னலேன்னா?" என்றார் அக்கா.

"தின்னலேன்னா ஒரு சொட்டுத் தண்ணி வாய்க்காலுக்கு வராது. போதுமா?"

"ஒரு வேளை தின்னா ஒண்ணும் ஆகாது மாமா," என்றாள் மருமகள். "வாராவாரம் தின்னா என்ன ஆகும்னுதான் எனக்கும் சரியாச் சொல்லத் தெரியல."

இலவச நாடகத்தை விடுவேனா? நானும் அவர் வீடுவரை பின்னாலேயே போனேன்.

மீன் பொன்னிறமாக வறுபட்டு வந்தது. அவர் மனைவி இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்து, மாசமாக இருக்கும் மகளின் தட்டில் முதலில் வைத்தார். "நம்ம அத்தை வீட்டு மீனு எத்தனை தின்னாலும் எனக்குச் சலிக்கவே மாட்டேங்குதும்மா," என்று அவள் ஆவலோடு கையை நீட்டினாள்.

அக்கா தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரைநாதர் ஒரு துண்டைப் பிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "நல்லாப் பாத்துக்குங்க! என் நுரை பட்ட எதுவும் இதுவரைக்கும் கெட்டதில்ல. பரம்பரை பரம்பரையா..." பேச்சு எங்கும் நிற்கவில்லை. இடது கை மட்டும் மகளின் தட்டை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.