லவான் ஷ்ரேடர் வாங்கிய வண்டி

2019 ஏப்ரல் பதினோராம் தேதி, வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கே எங்கள் பாலைவன ஊரான யூமா கொதிக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டுவண்டி முகாமின் முப்பத்தொன்றாம் எண் இடத்திலிருந்து லவானும் அவர் கணவர் மெர்லும் கிளம்பினார்கள். முன்னால் அவர்களுடைய முப்பத்து நான்கடி வீட்டுவண்டி. அதன் பின்னால், இழுவைக் கம்பியில் கட்டிய கருநீல எஸ்யூவி, நான்கு சக்கரமும் தரையில் உருள. ஸ்டீயரிங் லவான் கையில். பக்கத்தில் மெர்ல், மடியில் வரைபடத்தை விரித்துவைத்து, தெரிந்த சாலையையே விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

"நவம்பர்ல வர்றோம் டெஸ். எங்க இடத்தை நோரிஸுக்குக் குடுத்துடாதே," என்றார் லவான்.

வாயிற்கதவு வரை கூடவே நடந்தேன். எஸ்யூவியின் சக்கரங்கள் இறுக்கமில்லாமல் உருள்கின்றனவா என்று குனிந்து பார்த்தேன். உருண்டன. நிம்மதியாக இருந்தது. அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கும் பங்கு இருந்தது.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அம்மா நடத்தும் இந்த முகாமுக்கு அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில்தான் திரும்பியிருந்தேன். பனிக்குப் பயந்து ஓடிவரும் வடக்கத்திக்காரர்கள் நவம்பரில் வந்து ஏப்ரலில் போவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் லவானை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், எங்கெல்லாம் போனாய் என்று என்னைக் கேட்காமல், எதில் போனாய் என்று கேட்டதுதான். நெப்ராஸ்காவில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பனிக்காற்றில் எதிர்ச்சாலை தெரியாத காலைகளிலும் நாற்பது பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை யாரும் கேட்காமலே சொல்வார். அவர் பெருமையடித்துக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆனால் பின்வண்டியைக் கட்டுவது மெர்லின் வேலை. பாசனப் பம்புகளைப் பழுது பார்த்தே வாழ்ந்த மனிதர். அவர்களுடைய பழைய சிறிய எஸ்யூவிக்கு ஏழு வேலைகள் உண்டு: எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து, கியரை ஒவ்வொன்றாக இறக்கி, நியூட்ரலில் நிறுத்தி, மூன்று நிமிடம் காத்திருந்து, சாவியைப் பாதி திருப்பி, கைபிரேக்கை விடவேண்டும். ஒன்று தப்பினாலும் கியர்பெட்டி எண்ணெயில்லாமல் சுற்றி வெந்துபோகும். மெர்ல் பன்னிரண்டு வருடமாக அதை யாரிடமாவது பேசிக்கொண்டே செய்து முடிப்பார். லவான் பின்னால் நின்று விளக்குகளைப் பார்த்துக் கத்துவார்: "இடது! வலது! பிரேக்! சரி, ஏறு!"

பிப்ரவரியில் மளிகைக்கடை வாசலில் நின்றிருந்த அந்த வண்டியின் மேல் ஒரு லாரி பின்னோக்கி ஏறிவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் இனி அது தேறாது என்று எழுதிவிட்டார்கள். வேறு வண்டி வாங்கவேண்டும். எங்கள் முகாமில் அது ஒருவர் வீட்டு விஷயமாக இருக்காது. மாலை நாலு மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்கு வந்துவிட்டார்கள். எல்லா எஸ்யூவியையும் இப்படி உருட்டி இழுக்க முடியாது. எது முடியும், எது எடை குறைவு, எது மேட்டில் எஞ்சினைத் திணறவைக்காது என்று ஒரே சத்தம்.

லவான் மட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "கட்டுறதுக்கு எத்தனை வேலை?"

பக்கத்து இடத்து நோரிஸுக்கு வாய் சும்மா இருக்காது. "எடை கேக்கலை, மைலேஜ் கேக்கலை, எத்தனை வேலைன்னு மட்டும் கேக்கிறா. ஏம்மா, உன் வீட்டுக்காரனுக்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"நல்லா எண்ணுவான் நோரிஸ். நேத்து நீ எட்டு பியர் குடிச்சேன்னு அவன்தான் சொன்னான்."

எல்லோரும் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தார், மற்றவர்களைப் பார்த்துவிட்டு, சற்றுத் தாமதமாக.

இரண்டு நாள் கழித்து மெர்ல் அலுவலகத்துக்கு வந்து பார்சல் ஏதாவது வந்திருக்கிறதா என்றார். எடுத்துக் கொடுத்தேன். அரைமணியில் திரும்பி வந்து அதே பார்சலைக் கேட்டார். மூன்றாம் முறை வந்தபோது அது அவர் கக்கத்திலேயே இருந்தது.

துணி துவைக்கும் அறையில் லவானிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டிருந்த சட்டையை இறக்கி வைத்தார்.

"தெரிஞ்சுபோச்சா?"

"எவ்வளவு நாளா, லவான்?"

"ரெண்டு வருஷம். முதல்ல செக் எழுதறதை நான் எடுத்துக்கிட்டேன். அப்புறம் மாத்திரை டப்பா. போன வருஷம் ஸ்டீயரிங். கண்ணு கூசுதுன்னு அவனே குடுத்துட்ட மாதிரி வெச்சுக்கிட்டோம். மிச்சம் இருக்கிறது இந்தக் கட்டுற வேலை ஒண்ணுதான். அதையும் நான் வாங்கிட்டா, அவன் என் பஸ்ல ஏறின பிள்ளை மாதிரி ஆயிடுவான் டெஸ். ஏத்தி, உக்காரவெச்சு, இறக்கிவிடணும்."

"நீங்களே கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுவீங்களே."

"கட்டுவேன். அதுதானே கஷ்டம்."

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று, பழையதைப் போலவே அதே ரகம். நிறைய ஓடியது, கதவில் துரு. மற்றது இந்தக் கருநீலம். இதில் கியர் நெம்புகோலுக்குப் பக்கத்தில் உள்ளே புதைந்த ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. எஞ்சின் ஓட, பிரேக்கை மிதித்தபடி, பேனா முனையால் அழுத்தினால் ஒரு விளக்கு எரியும். சக்கரங்கள் கியர்பெட்டியிலிருந்து விடுபட்டுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

லவான் துருப்பிடித்த வண்டியின் கதவிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். "இதுக்கு அவன் கை பழகியிருக்கு."

"அதுல ஏழு இடத்துல தப்பு வரலாம். இதுல ஒரே பொத்தான். விளக்கு எரிஞ்சா முடிஞ்சது," என்றேன். நான் சொன்னது நியாயமாகத்தான் பட்டது, எனக்கும் அவருக்கும்.

கருநீலத்தை வாங்கினார். அடுத்த பத்து நாள், காலைதோறும் மெர்ல் சட்டைப்பையில் ஒரு பேனாவோடு போய் அதில் உட்கார்ந்து பழகினார். விளக்கு எரிந்ததும் கண்ணாடியை இறக்கி, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பாத்தியா? விரல் நுனி வேலை!" என்பார். கிளம்பும் நாளும் அவர்தான் கட்டினார். யாரும் கிட்டே போகவில்லை.

மே மாதக் கடைசியில் நோரிஸ் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்ன செய்தி முகாம் முழுக்கப் பரவியது. அவர்கள் கிளம்பிய அன்றைக்கே, எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம்கூடப் போயிருக்கமாட்டார்கள், மேட்டில் ஏறும்போது பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஒலியெழுப்பியிருக்கிறான். நிறுத்திப் பார்த்தால் எஸ்யூவியின் அடியிலிருந்து புகை. வழியில் டீசல் போட நிறுத்திய இடத்தில் லவான் அந்தப் பொத்தானை இன்னொரு தரம் அழுத்திவிட்டாராம். கியர்பெட்டி கருகி ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டது.

"இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லையாம்! ஒரே அழுத்துல மொத்தத்தையும் சேர்த்துக் காட்டிட்டா," என்று அடுத்த குளிர்காலம் முழுக்க நோரிஸ் சொல்லிக்கொண்டிருந்தார். மெர்லே தன்னிடம் சொன்னதாகச் சத்தியம் செய்தார். யாராவது பின்வண்டியில் எதையாவது மறந்தால், "லவான் வேலை பண்ணிட்டியா?" என்பது எங்கள் முகாமில் பேச்சுவழக்காகிவிட்டது. அதற்கு நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த நவம்பரில் அவர்கள் வரவில்லை. முப்பத்தொன்றாம் இடத்தை கிறிஸ்துமஸ் வரை காலியாக வைத்திருந்தோம். பிறகு யாரோ ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டோம். நான் லவானுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த வண்டியை வாங்கச் சொன்னது நான்தான், உங்கள் கை பட்டது தற்செயல், மன்னித்துவிடுங்கள் என்று. பதில் இல்லை. மறுபடி எழுத எனக்குத் துணிவில்லை. மறுபடி ஊர் சுற்றப் போனேன், மறுபடி வந்தேன்.

2022 மார்ச்சில், அலுவலகத்தில் இருக்கும்போது என் கைபேசிக்கு இந்தச் செய்தி வந்தது. தெரியாத எண்.

"டெஸ், நான் லவான். மெர்ல் பிப்ரவரி எட்டாம் தேதி போயிட்டான். கடைசி ஒரு வருஷம் இங்க ஊர்லயே ஒரு முதியோர் இல்லத்துல இருந்தான். உன் கடிதத்துக்கு நான் பதில் போடலை. போட்டா உண்மையைச் சொல்லணும். அவன் இருக்கிறவரைக்கும் முடியலை. அன்னிக்குப் பொத்தானை அழுத்தினது நான் இல்லை. நான் டீசலுக்குப் போனப்ப, பின்வண்டி சரியா இருக்கான்னு அவன் பாக்கப் போயிருக்கான். அழுத்தினோமான்னு அவனுக்கு ஞாபகம் இல்லை. அதனால மறுபடி அழுத்தியிருக்கான். துருப்பிடிச்ச வண்டியா இருந்திருந்தா அவன் கையே அவனுக்குச் சொல்லியிருக்கும். உன்னைக் குத்தம் சொல்லலை, எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் தோணுச்சு. ரோட்டோரமா நின்னு புகையைப் பாத்துட்டு, இதை யாரு தொட்டதுன்னு கேட்டான். அவன் முகத்தைப் பாத்தேன். நான்தான்னு சொல்லிட்டேன். என்ன திட்டு திட்டினான் தெரியுமா. பஸ் ஓட்டினவளா நீ, உன்னை நம்பி எந்த மடையன் பிள்ளைகளை ஏத்தினான்னு. ரொம்ப நாளைக்கு அப்புறம் பழைய மெர்ல் மாதிரியே இருந்தான். அதுக்கப்புறம் எல்லாத்தையும் மறந்தான். என் பேரை மறந்தான். ஆனா இதை மட்டும் விடலை. இல்லத்துல இருந்த நர்ஸுங்க எல்லாருக்கும் தெரியும், எவளோ ஒருத்தி இவன் வண்டியைக் கெடுத்துட்டான்னு. அங்க நோரிஸ் இன்னும் சொல்லிச் சிரிக்கிறானாமே. சிரிக்கட்டும். நீ எதையும் திருத்திச் சொல்லிடாதே கண்ணு."