சோறு கண்டால் அழுகிற கண்

குண்டுபோடும் பொம்மர் விமானம் வந்தபோது அக்காவும் நானும் அளவெட்டியில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் நின்றோம். பதுங்குகுழிக்கு, பங்கருக்கு, ஓடினோம். குண்டு கிணற்றடியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன்: அக்கா வயிறு பிளந்து கிடந்தாள். என் வலக் காதுக்குப் பின்னால் ஏதோ சூடாகக் குத்தியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது முகத்தின் வலப்பக்கம் செத்திருந்தது. இரும்புத் துண்டை எடுத்துவிட்டார்கள். முக நரம்பு அறுந்துபோயிற்று என்றார்கள். அதற்குள் அக்காவை எரித்தும் முடித்திருந்தார்கள்.

மாதங்கள் போகக் கன்னம் மெல்ல அசைந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. சோற்றை வாயில் வைத்தால் வலக் கண் பொலபொலவென்று வடியும். மனதில் துக்கம் இராது, பசிதான் இருக்கும்.

அக்காவின் கணவர், அத்தான், எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். ஒருநாள் என் சோற்றுக் கோப்பையைப் பறித்துச் சுவரில் அடித்தார்.

"அவளைப் பறிகுடுத்தது நான். நீ ஏன் சோத்துக்கு முன்னாலை இருந்து அழுறாய்?"

"நான் அழேல்லை, அத்தான்."

"பொய் சொல்லாதை!"

என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். அவருடைய கையைக் கடித்தேன். இரத்தம் என் நாக்கில் பட்டது. அதற்கும் கண் வடிந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் பிடியை விட்டார்.

கடிக்கு மருந்து கட்டப் போன இடத்தில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் என் நாக்கில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தார். உடனே கண்ணீர்.

"தங்கச்சி, அறுந்தது நரம்பின்ரை வால்தான். நரம்புக் கலம், செல் எண்டுறது, உள்ளுக்கை உயிரோடை இருக்கு. அது வாய் ஊறப்பண்ணுற கலம். வால் திரும்ப வளரேக்கை வழி மாறிக் கண்ணுக்குப் போயிட்டுது. ஆனால் கலம் மாறேல்லை. வாய்க்குத்தான் வேலை செய்யிறன் எண்டு நிக்குது."

"அது செத்துப் புதுசு வந்தால் சரிவருமோ?" என்று அத்தான் கேட்டார்.

"தோலெண்டால் புதுசு வரும். இதுகள் வராது. பிறக்கேக்கை இருந்த கலம்தான் சாகுமட்டும். உள்ளுக்கை இருக்கிற சாமான் எல்லாம் தேஞ்சு மாறினாலும், தான் என்ன கலம் எண்டதை மட்டும் அது விடாது."

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சொன்னார்: "எனக்கு விளங்குது. ஆனால் பாக்க ஏலாது."

பிறகு அவர் எங்களோடு சாப்பிட இருக்கவில்லை. கொஞ்ச நாளில் வல்வெட்டித்துறைக்குப் போய் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். நடுக்கடலில் நேவிக்காரர் வள்ளத்தைச் சுட்டார்கள். உடல் கரைக்கு வரவில்லை. என் கண்ணைப் பார்க்க முடியாமல் போய்ச் செத்தாரே என்று எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது, நெடுநாள் ஆறாத கோபம். அம்மா அவர் உடுத்த சாரங்களைக் கிழித்து, பங்கருக்கு மண்மூட்டை தைத்தார்.