காஜா பேராங் ஐஸ் ஃபேக்டரியில் ஒரு பித்தளை ஒட்டு

மலாக்காவுக்கு நான் முதன்முதலில் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. மலாயாவின் சுதந்திரத் தேதியை மலாக்காத் திடலில் வைத்து அறிவித்தார்களே, அந்த 1956ஆம் வருஷம், சில மாதங்கள் கழித்து. சிரம்பானில் ஒரு பட்டறையில் கேஸ் வெல்டராக இருந்தேன். மலாக்கா ஊருக்குள் காஜா பேராங்கில் இருந்த ஓர் ஐஸ் ஃபேக்டரியில், குளிரூட்டும் அமோனியாக் குழாய் பிளந்து ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவருக்குக் கண் போய்விட்டது, அவசரமாக ஒரு வெல்டர் வேண்டும் என்று அதன் முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். கண் போனவன் மணியம், அந்த ஃபேக்டரியின் வெல்டர். அதற்குமுன் எங்கள் பட்டறையில் என்னோடு தொழில் கற்றவன். அதனால் ஃபோர்மன் என்னைக் கூப்பிட்டுப் போகச் சொன்னார்.

மலாக்காவுக்கு ரயில் கிடையாது. தம்பினிலிருந்து போன தண்டவாளத்தை யுத்தத்தின்போது ஜப்பான்காரன் பிடுங்கி சயாமுக்குக் கொண்டுபோய்விட்டான். (அந்தச் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா எங்கள் வீட்டிலும் உண்டு.) தம்பின் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலாக்காவுக்கு இருபத்து நான்கு மைல் இன்னொரு பஸ், தொண்ணூறு காசு டிக்கெட். அவசரகாலம் என்பதால் தம்பின் போவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று பார்ப்பார்கள். என் பையில் இருந்த வெல்டிங் கம்பிக் கட்டை ஒரு போலீஸ்காரர் பிரித்துப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். இரும்பை ஒட்டுவது என்றேன். போகச் சொன்னார்.

மலாக்காவில் இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணியத்தின் இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி சத்தம். என் குரல் கேட்டதும் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன். வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அவன் திருப்பிக் கேட்டது இதுதான்:

"எது போச்சுன்னு பாரு. வால்வா, என் ஒட்டா?"

பிரித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

ஃபேக்டரி அங்கிருந்து அதிக தூரமில்லை. ரிக்ஷாவுக்கு முப்பது காசு கொடுத்தேன். கிட்டே போகும்போதே மூக்கு எரிந்தது. அங்கே கணக்கு எழுதும் கிராணிதான் உள்ளே கூட்டிப் போனார். போகும் வழியிலேயே கதையையும் சொன்னார். இறந்தவர் பெயர் ராஜலிங்கம், பக்கத்திலேயே கம்போங் செட்டிக்காரர், மெஷின் ஓட்டுகிறவர். குடித்துவிட்டு வந்து, மூடாத வால்வைச் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டார், போலீஸிலும் அப்படியே எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றார். சுத்தியலால் அடித்ததை யார் பார்த்தது என்று கேட்டேன். வேறு எப்படி உடையும் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

வால்வைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வார்ப்பிரும்பு வால்வு. அதில் ஓர் எஃகுக் குழாயை மணியம் ஒட்டியிருந்தான். இரண்டும் இரும்புதானே என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். ஆனால் சூடாக்கும்போது இரண்டும் வேறு சாதி. நேராக உருக்கி ஒட்டினால் வார்ப்பிரும்பு ஆறும்போது விரிசல் விட்டுவிடும். அதனால் இரண்டையும் உருக்காமல், சிவக்கும் அளவுக்குச் சூடாக்கி, நடுவில் பித்தளைக் கம்பியை உருக்கி ஓடவிடுவோம். எங்களுக்குப் பட்டறையில் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். தண்ணீர்க் குழாய், பம்பு, எஞ்சின் மூடி எல்லாவற்றிலும் அந்த ஒட்டு நிற்கும். மணியத்தின் ஒட்டு அழகாக, ஒரே சீராக இருந்தது. அதன் நடுவில் முடி மாதிரி ஒரு விரிசல் சுற்றிலும் ஓடியிருந்தது. விளிம்பில் நீலம் பூத்திருந்தது. வால்வில் சுத்தியல் பட்ட தடம் எங்கேயும் இல்லை.

அமோனியாவுக்குப் பித்தளை ஆகாது. அதில் இருக்கும் செம்பை அது அரித்து, உள்ளேயே விரிசல் விட வைத்துவிடும். மணியம் மலாக்காவுக்குப் போன பிறகுதான் எங்கள் பட்டறைக்கு ஓர் ஐஸ் ஃபேக்டரி வேலை வந்தது. அன்று பித்தளைக் கம்பியைத் தொடவே கூடாது என்று ஃபோர்மன் சொன்னார். அவன் இன்னும் ஆறு மாதம் எங்களோடு இருந்திருந்தால் அவன் காதிலும் அது விழுந்திருக்கும்.

கிராணியிடம் விரிசலைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. இறந்தவர் பெயரில் போன பழியை ஏன் உங்கள் ஆள் தலையில் போடுகிறீர்கள், அவனுக்கே கண் இல்லை, விடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சொன்னால் மணியம் என்ன ஆவான்? சொல்லாவிட்டால் செத்தவர் குடிகாரராகவே இருந்துவிடுவார்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் உட்கார்ந்த உடனே, "சொல்லு" என்றான்.

"ஒட்டுதான்டா. அமோனியாவுக்குப் பித்தளை ஆகாது."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு யாரும் சொல்லல."

"இல்ல. யாரும் சொல்லல."

பிறகு, ராஜலிங்கத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டான். கிராணி சொன்னதை அப்படியே சொன்னேன். ராஜலிங்கம் குடிக்கவே மாட்டார் என்றான். குழாய் சீறியதும் இவனை வாசல் பக்கம் தள்ளிவிட்டு, மெஷினை நிறுத்த உள்ளே போனவர் அவர்தானாம். அதற்குமேல் அழுதானா என்று தெரியவில்லை. பஞ்சு நனைந்திருந்தது, ஆனால் அது முன்பே மருந்தில் நனைந்ததுதான்.

அவனை நடக்க விட்டதும் முதலில் போலீஸ் நிலையத்துக்கும், பிறகு கம்போங் செட்டிக்கும் கூட்டிப் போகச் சொன்னான். அதுவரை நான் ஃபேக்டரி வேலையைப் பார்த்தேன். இரண்டையும் ஒட்டவே வேண்டாம் என்று முடிவு செய்து, எஃகுக் குழாயில் எஃகு வளையத்தை வெல்டிங் செய்து, சிங்கப்பூரிலிருந்து புது வால்வு வரவழைத்து, போல்ட் போட்டு இறுக்கினேன். முதலாளி குறை ஒன்றும் சொல்லவில்லை. மணியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்போங் செட்டிக்குப் போனோம். ராஜலிங்கம் வீட்டில் அவர் மனைவி மீனாச்சியும் அவருடைய மாமனாரும் இருந்தார்கள். பல நூறு வருஷத்துக்கு முன் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்; பெயர்தான் நம் பெயர், சாமியும் நம் சாமி. பேச்செல்லாம் மலாய். மணியம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மலாயில் சொன்னான். உடைந்தது நான் போட்ட ஒட்டு, உங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை, அவர் குடித்திருக்கவில்லை.

அந்த அம்மா உட்காரச் சொல்லவில்லை. காது மந்தமான மாமனாரைக் கிட்டே அழைத்து வந்து, இவருக்குக் கேட்கும்படி இன்னொரு தரம் சொல் என்றார். சொன்னான். பக்கத்து வீட்டு வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டார். அவர்களுக்கும் சொன்னான். ஒவ்வொரு தரமும் ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

பிறகு அந்த அம்மா கேட்டது இது:

"உனக்குக் கண் தெரிந்திருந்தால் வந்திருப்பாயா?"

மணியம் யோசித்தான். "தெரியாது" என்றான்.

மீனாச்சி தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போலீஸ் அதை விபத்து என்று மாற்றி எழுதியது. மணியத்துக்கு வேலை போயிற்று. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். இரண்டாம் தரம், "உன் குரல் கேட்டாலே அந்த வாடை வருது, இனிமே வராதே" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். நான் போகவில்லை. மூன்று வருஷம் கழித்து நெஞ்சுக் கோளாறில் போய்விட்டான் என்று அக்கா சொல்லியனுப்பினார்.

இனி, மலாக்கா போகிறவர்களுக்கு. மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்திலிருந்து காஜா பேராங் மூன்று கிலோமீட்டருக்குள்தான், வாடகைக் காரில் போகலாம். ஐஸ் ஃபேக்டரியைத் தேடாதீர்கள், இல்லை. கம்போங் செட்டியில் தமிழில் பேசிப் பதில் வராவிட்டால் முகம் சுளிக்காதீர்கள், மலாயில் பேசுங்கள்.

வெல்டிங் தொழிலில் இருக்கும் சிலர், டைட்டேனியத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஒட்ட முடியுமா என்று இந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். நேராக உருக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், ஆறியதும் கண்ணாடிபோல் உடையும். இரண்டுக்கும் ஒத்துவருகிற வேறோர் உலோகம் நடுவில் வேண்டும். ஆனால் ஒட்டு பிடிக்குமா என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் குழாயில் நாளைக்கு என்ன ஓடப்போகிறது, அதன் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டு டார்ச்சைப் பற்றவையுங்கள்.