வசந்தாக்கா சொல்லச் சொன்னது

குமணன்சாவடி சிக்னலில் ஆபீஸ் வண்டி நகராமல் நின்றிருந்தபோது மல்லிகாவிடமிருந்து அழைப்பு வந்தது. வசந்தாக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். "வசந்தாக்கா பூட்டாங்கம்மா. காலைல டீ குடுத்தேன், குடிச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா அப்படியே சாஞ்சுகினு கீறாங்க." வண்டியை விட்டு இறங்கி, அவர் வீடு இருக்கும் காட்டுப்பாக்கம் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தேனே, அதற்குள் இந்த மனுஷிக்கு என்ன அவசரம்?

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். "தங்கச்சி போனதுலேருந்தே ஆளு பாதியாயிட்டாங்க." "ஒருத்திக்காக ஒருத்தி கல்யாணமே கட்டிக்கல பாரு, எந்த அக்கா தங்கச்சி இப்படி இருப்பாங்க?" எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். காபி கொடுத்தார்கள். ஒருவரும் தப்பாகப் பேசவில்லை. எல்லோரும் பிரியமாகத்தான் பேசினார்கள்.

காட்டுப்பாக்கத்துக்காரர்களே, அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ராணி வசந்தாக்காவின் தங்கச்சி இல்லை. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பி, புருஷன் பொண்டாட்டி போல ஓர் ஆயுசு முழுக்கக் குடித்தனம் நடத்தியவர்கள். இதை நானாகச் சொல்லவில்லை. சொல்லச் சொன்னவரே அவர்தான். "நான் இருக்கசொல்ல வாயத் தொறக்காத. தண்ணி லாரிகிட்ட நின்னுகினு எவளுக்கும் பதில் சொல்ல என்னால ஆவாது. போனப்புறம் சொல்லிடு. பேரோட சொல்லு. மாத்திச் சொன்னா எந்த வசந்தான்னு எவனுக்குத் தெரியும்?" சொல்லிவிட்டேன் அக்கா. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கரூர்ப்பக்கம். அயனம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். வாரநாட்களில் சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுதுவது பிழைப்பு, விடுமுறை நாட்களில் நாவல். அம்பத்தூரில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் ஒரே இடத்தில் வேலை பார்த்த இரண்டு பெண்கள், அவர்களுக்குள் வந்த காதல், இதுதான் நான் எழுத நினைத்த கதை. அந்தக் காலத்துப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள நூலகம் நூலகமாக அலைந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். இரண்டு பெண்கள் சேர்ந்து செய்தியில் வருவதென்றால் ஒன்று காணாமல் போயிருப்பார்கள், இல்லையென்றால் கிணற்றில் கிடைத்திருப்பார்கள். உயிரோடு இருந்தவர்களைப் பற்றி யார் செய்தி போடப் போகிறார்கள்? படித்துப் படித்து என் மனசும் கிணறு மாதிரி ஆகிவிட்டது.

யூனியனில் இருந்த ஒரு பெரியவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். மோட்டார் காயில் சுற்றும் பிரிவில் ஒரு வசந்தா இருந்ததாம், தனக்கும் தங்கச்சிக்கும் ஒரே ஷிஃப்ட் போடச் சொல்லி மானேஜரோடு மல்லுக்கு நிற்குமாம். முகவரி வாங்கிக்கொண்டு போனேன். கிரில் கதவுக்குப் பின்னால் ஒரு கனத்த உருவம், இடுப்பில் கை. "இன்னா வேணும்?" வரலாறு, நாவல், அந்தக் காலத்தில் நெருங்கிய தோழிகள் என்று நான் சுற்றிச் சுற்றி வந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தோழியாவது கீழியாவது! நீ கேக்க வந்தத நேரா கேளு. இல்லாங்காட்டி நடையக் கட்டு" என்றார். நேராகக் கேட்டேன். கதவைத் திறந்துவிட்டு, "குந்து" என்றார். ராணி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கேட்பதற்கு ஆள் வராதா என்று அவரும் காத்திருந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆராய்ச்சியாளர் மிடுக்கோடு நான் முதலில் கேட்டது கடிதங்களை. "ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட லெட்டர் ஏதாவது இருக்கா அக்கா?" அவர் சிரித்த சிரிப்பில் மல்லிகா அந்தப் பக்கத்திலிருந்து என்னவென்று கேட்டார். "ஒரே ஊட்ல கீறவளுக்கு எவளாச்சும் லெட்டர் போடுவாளா? அடுப்பாண்ட நின்னுகினு கூவுனா கேக்கப் போவுது!" பெட்டி பெட்டியாக ஆதாரம் தேடிப் போனவள் நான். அங்கே ஒரு தாள்கூட இல்லை. எனக்கு அன்று ஏமாற்றம்தான்.

அவர் சொன்ன கதை காதல் கதை மாதிரியே இல்லை, வாடகை வீட்டுக் கதை. தனியாக இரண்டு பெண்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? ஆகவே அக்கா தங்கச்சி ஆனார்கள். வசந்தாக்கா மாநிறம், குண்டு. ராணி வெளுப்பு, ஒல்லி. ஒரு வீட்டுக்கார அம்மாள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மூஞ்சி சாடையே இல்லியே?" என்று கேட்டாராம். வசந்தாக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்கப்பாரு ரெண்டு கட்டுனாரு." வீடு கிடைத்துவிட்டது. "எங்கப்பன் எங்கம்மாவத் தவிர வேற ஒருத்திய ஏறெடுத்துப் பாத்தவன் இல்ல. ஊடு வோணும்னு அவன் தலைல ஒரு பொண்டாட்டியக் கட்டிட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்த வீடுகளிலும் அந்த இல்லாத சின்னம்மா கூடவே வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு பழைய செய்திகளைத் திரும்பப் படித்தேன். இந்த முறை காதலிகளைத் தேடவில்லை. சேர்ந்து வாழ்ந்த அக்கா தங்கைகளை, ஒன்றுவிட்ட சகோதரிகளை, "ஆதரவற்ற உறவுக்காரப் பெண்"களைத் தேடினேன். இத்தனை நாள் கண்முன்னால் இருந்தும் தாண்டிப் போயிருக்கிறேன்! சந்தோஷத்தில் ஒரு பட்டியலே போட்டுக்கொண்டு ஓடினேன். வசந்தாக்கா அந்த உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினார். "எல்லா அக்கா தங்கச்சி மேலயும் சந்தேகப்படாத. நெசமாவே அக்கா தங்கச்சிங்களும் ஊர்ல கீறாங்க." அன்றிலிருந்து நாவலுக்கு வெளியே நான் யாரைப் பற்றியும் அடித்துச் சொல்வதில்லை.

ஒருமுறை எங்களுக்குள் பெரிய சண்டை. முதல் வரைவின் கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு பெண்களும் கைகோத்துக்கொண்டு அயனம்பாக்கம் ஏரியில் இறங்குகிறார்கள். நான் எழுதியதிலேயே அழகான பக்கங்கள் என்று எனக்கு நினைப்பு. அவர் முகம் சிவந்துவிட்டது. "நாங்க எப்போ செத்தோம்? சாவறதுக்கு எங்களுக்கு ஏது நேரம்? ஊடு தேடிகினு இருந்தோம். ஊர்ல எழுதறவன்லாம் எங்களக் கொன்னு போட்டுட்டான், நீயுமா?" அப்புறம் சில வாரங்கள் போனை எடுக்கவில்லை. நான் அந்த அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டேன். இரண்டு பேரும் ஒரு மூன்று சக்கர வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு, எதை முதலில் இறக்குவது என்று சண்டை போட்டபடி புது வீட்டுக்குப் போவதாக எழுதினேன். படித்துக் காட்டினேன். "இதான் கரீட்டு. பீரோவத்தான் மொதல்ல எறக்கணும்" என்றார்.

ராணி இறந்த அன்று திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய தம்பிகள் வந்திருக்கிறார்கள். உடலைக் கொண்டுபோகிறோம் என்று நின்றார்கள். தெருப் பெண்கள் விடவில்லை, "பெரியக்கா கீறாங்க, அவங்களக் கேளு" என்றார்களாம். எந்தப் பெரியக்கா என்று தம்பிகள் முழித்தார்கள்; மூத்த தாரத்துப் பெண்ணை மறைக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். நீங்கள் அன்று குறுக்கே நின்றதை வசந்தாக்கா சாகும்வரை மறக்கவில்லை. "அக்கான்னு சொன்னதால கிட்ட குந்தி அழ உட்டாங்க. ஆனா அக்காவாட்டம்தானே அழ முடிஞ்சுது? பொண்டாட்டியப் பறிகுடுத்தவளாட்டம் ஒரு தபா வாய்விட்டு அழல." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் கேட்டார். "உனக்கு யாரு கீறாங்க?" வேலை இருக்கிறது, நாவல் இருக்கிறது என்றேன். "நாவலு வந்து தல வலிக்கு தைலம் தேய்க்குமா?" என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன், அவரும் துருவவில்லை. கிளம்பும்போது ஒரு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டார். ஃபிளாட்டுக்கு வந்து நின்றபடியே சாப்பிட்டேன். அன்று எனக்குத் தாங்கவே முடியவில்லை.

போன மாதம் மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸ் சீட்டை வைத்துக்கொண்டு, "நீங்க யாரு இவங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார். வாக்கியம் வாக்கியமாக எழுதிச் சம்பாதிக்கிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மகளா, எழுத்தாளரா, தெரிந்தவரா? படுத்திருந்தவர் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினார். "நம்ம ஆளுமா அது." மறுபடி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

நாவல் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகக் கிடக்கின்றன. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது நர்ஸிடம் அவர் சொன்ன அந்த வார்த்தையைத்தான். பழைய தாள்களில் நான் வருஷக்கணக்கில் தேடியது இரண்டு கதாபாத்திரங்களை இல்லை, என்னுடைய மனிதர்களை. ராணியை அவர் விரும்பியது போலப் பெண்ணைத்தான் நானும் விரும்புகிறேன். இதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டு என்னைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட ஒரே மனுஷி போய்விட்டார். என்னை அப்படிச் சொல்ல இனி ஆள் இல்லை. ஆகவே நானே சொல்கிறேன், உங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. வசந்தா நம்ம ஆளு. ராணி நம்ம ஆளு. நானும்தான்.