இரண்டு வருஷ ரிப்பீட்டர் படிப்பு

யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது பல்தான். முகமெல்லாம் அப்புறம். நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் அரசுப் பள்ளியில் முகாம் போட வந்த பல் டாக்டரம்மா, ஒரு குட்டிக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டு, "பாரு, இது உன் கடைவாய்ப் பல்லோட பின்பக்கம். நீயே பாத்திருக்க மாட்ட" என்று காட்டினார். என் வாயில் எனக்கே தெரியாத இடம் இருக்கிறதா என்று நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். பல் டாக்டர் ஆகாமல் விடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில். அம்மா மரவள்ளிக் காட்டில் களை எடுக்கக் கரியாலூர் வரை மலையேறிப் போவாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா போனில் என்ன சொல்கிறாளோ அதுதான் அவருக்கு வீட்டுச் சேதி. பிளஸ் டூ முடித்து நீட் எழுதினேன். மார்க் வந்தது என்று சொல்வதைவிட, எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று சொல்லலாம். பல் மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டேன். தரவரிசைப் பட்டியலில் என் பெயரைத் தேடித் தேடிக் கை வலித்ததுதான் மிச்சம், கலந்தாய்வுக்குக் கூப்பிடவே இல்லை.

மறுபடி எழுதலாம் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு கோச்சிங் சென்டரில் சேரப் போனேன். அம்மாவும் வந்தாள். அங்கிருந்த சார் என் மார்க்கைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் பவ்யமாகச் சொன்னார்.

"உங்க பொண்ணு ரிப்பீட்டருங்கம்மா. ரிப்பீட்டருக்குன்னு தனி பேட்ச். புக்கு தனி, சார் தனி. சாதாரணப் பசங்க கூட ஒக்கார வைக்கவே மாட்டோம்."

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்:

"ஏன்டி, இந்த ரிப்பீட்டருன்றது பெரிய படிப்பா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சீட்டு கிடைக்காதவர்கள் அதே பரீட்சையைத் திரும்ப எழுதுவதற்குத்தான் அந்தப் பேர் என்று ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பயமும்தான்.

"பெருசுதாம்மா. அது படிச்சிட்டுதான் பல் டாக்டருக்குப் போவணும்."

"எத்தினி வருஷம்?"

"ஒரு வருஷம்."

அவ்வளவுதான். மறுநாள் மலைக்குப் போன அம்மா, கரியாலூர்க் கிழங்குக் காடு முழுக்கச் சேதியை விதைத்துவிட்டு வந்தாள். "எம் பொண்ணு ரிப்பீட்டர் படிக்குது." கேட்டவர்களுக்கும் அது என்னவென்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? "அப்பிடியா, கஷ்டமான படிப்பாச்சே" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் மலைக்காரப் பெண்கள் என்னைப் பார்த்தால் வாயைத் திறந்து காட்ட ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உப்புத் தண்ணீர் வைத்தியம்தான். அதையே முகத்தை டாக்டர் போல வைத்துக்கொண்டு சொல்லுவேன்.

சின்னசேலத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். அம்மா காப்பியை நீட்டிக்கொண்டே, "ரிப்பீட்டர் முடிக்காம குடுக்கறதா இல்லீங்க" என்றாள். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "அவ்ளோ படிச்ச பொண்ணு எங்க பையனுக்கு ஜாஸ்திங்க" என்று எழுந்து போய்விட்டார். உள்ளே நான் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தேன். சொன்ன பொய்க்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வந்தேன், அம்மாவிடம் சொன்னேன்: "ரிப்பீட்டர ரெண்டு வருஷம் ஆக்கிட்டாங்கம்மா."

"பாத்தியா, நல்ல படிப்புன்னா அப்பிடித்தான் இழுப்பானுங்க" என்றாள் அம்மா. அப்பாவுக்கும் போனில் அதையே சொன்னாள்.

மூன்றாம் முறை விண்ணப்பம் போட்டபோது எனக்கு நானே ஒரு கெடு வைத்துக்கொண்டேன். இதுதான் கடைசி. ரிப்பீட்டர் மூன்று வருஷம் என்று சொல்ல எனக்கே வாய் வராது. சீட்டு கிடைத்தால் பொய் தானாகக் கரைந்துவிடும், அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம். கிடைக்காவிட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு அவளோடு களை வெட்டப் போவது. அந்த வருஷம் மார்க் நன்றாகவே வந்தது. கலந்தாய்வுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்!

விடியற்காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது அம்மா டீ ஆற்றியவரிடமும் சொல்லிவிட்டாள். "ரிப்பீட்டர் முடிச்சிட்டா. இன்னிக்கி சீட்டு வாங்கப் போய்க்கினு கீறோம்." அந்த மனிதர் ரொம்ப மரியாதையாக எனக்கு ஒரு பிஸ்கட் சும்மாவே கொடுத்தார். சென்னை வரும் வரை நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தேன். பயம் முற்றினால் எனக்கு அப்படித்தான் வரும்.

அரங்கில் பெரிய திரை. இடங்கள் நிரம்ப நிரம்ப எண் குறையும். நாங்கள் உட்கார்ந்தபோது எங்கள் பிரிவில் பல் மருத்துவத்துக்கு ஆறு இடம் இருந்தது. ஐந்தானது, நாலானது. ஒவ்வொருத்தர் மேஜைக்குப் போகும்போதும் நான் ஒரு விரலை மடக்கினேன். கடைசியில் திரையில் ஒன்று என்று நின்றது. எனக்கு முன்னால் ஒரே ஒரு பெண் பாக்கி. அவள் சர்டிபிகேட் நகல் எடுக்க வெளியே போயிருந்தாள். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த அவள் அம்மா எங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"பெரிய டாக்டருக்குக் கெடைக்கலீங்க. பல்லுதான் கீதாம். அது பல்லே வேணாம்னு அழுவுது. நாந்தான் எடுத்துக்கோன்னு இட்டுக்கினு வந்தேன்" என்றார் அவர்.

அம்மா அவர் தோளைத் தட்டினாள். "பல்லுல கொண்டு போயி நேரா ஏன் தள்றீங்க? மொதல்ல ரிப்பீட்டருக்குப் போடுங்க. எம் பொண்ணு ரெண்டு வருஷம் அதான் படிச்சிது. பொண்ணு கேட்டு வந்தவங்களே பயந்து ஓடிட்டாங்கன்னா பாத்துக்கோங்களேன்."

"அவ்ளோ ஒசத்தியாங்க?"

"பின்ன?"

அந்தப் பெண் நகலோடு திரும்பி வந்தாள். "பல்லு வேணாம்டி, நீ ரிப்பீட்டருக்கே போ" என்றார் அவள் அம்மா. அந்தப் பெண்ணின் வாய் ஆச்சரியத்தில் திறந்துகொண்டது. அடுத்த நொடி அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே அக்கா என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அதே பார்வையோடுதான் நான் இரண்டு வருஷம் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அவள் விட்டுவிட்டால் அந்த ஒரு இடம் எனக்கு. சந்தோஷத்தில் எனக்கு உள்ளங்கால் கூசியது, எழுந்து ஆடலாம் போல இருந்தது. பத்து மூச்சு அப்படியே இருந்தேன். அதற்குள் அந்த அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்து, "நல்ல நேரத்துல சொன்னீங்க, மகராசி" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அத்த, அது படிப்பு இல்ல" என்றேன். "சீட்டு கெடைக்காதவங்க அதே பரீட்சைய திரும்பவும் எழுதறதுக்குப் பேருதான் ரிப்பீட்டர். நான் ரெண்டு வருஷமும் கெடைக்காம நின்னவ. எங்கம்மாவுக்குத் தெரியாது. நாந்தான் பொய் சொன்னேன்."

அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். மலைக்காட்டிலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வருவது எனக்குத் தெரிந்தது. வெட்கத்தில் அவள் முகம் கழுத்து வரை கறுத்துப்போனது. அந்த நேரத்தில் செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

செஞ்சி அம்மா மகளைப் பார்த்தார். "உனுக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா. தெரிஞ்சிதான் கேக்கறேன். ஒரே ஒரு வருஷம் குடும்மா. பல்லு எனுக்குப் புடிக்கலம்மா" என்று அவள் விசும்பினாள்.

அவர் என் அம்மாவிடம் திரும்பினார். "நீங்க எப்பிடிங்க ரெண்டு வருஷம் வுட்டீங்க?"

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் என்னை விட்டதே இல்லை, அவளுக்குத் தெரியவே தெரியாதே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அவள் குரல் கேட்டது.

"அதுக்கு அம்மாந்தூரம் ஆச கீது. வுட்டேன்."

அந்தப் பெண்ணின் எண்ணைக் கூப்பிட்டார்கள். தாயும் மகளும் மேஜைக்குப் போனார்கள். திரையைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் நான் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புதுச் செருப்பு போட்டு வந்திருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "எடுத்துக்கோங்கக்கா" என்றாள். நிமிர்ந்தேன். திரையில் ஒன்று அப்படியே இருந்தது.

அடுத்த எண் என்னுடையது. அம்மா எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னே நடந்தாள். மேஜையில் இருந்த அதிகாரி கணினியில் தட்டிவிட்டு, "பல் மருத்துவம், அரசுக் கல்லூரி. சரியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் சிரித்துவிட்டு, "மொத தடவையே கெடைச்சிருச்சா? கெட்டிக்காரி" என்றார்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டு, கிழங்குக் காட்டில் அடுத்த வரப்புக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மூணாவது தடவைங்க."