அமலி விளக்கிச் சொன்ன இரண்டு வரிகள்

எங்கள் மலையூரின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் என் மருந்துக் கடையை ஒட்டியே அமலியின் ரத்தப் பரிசோதனை நிலையம். ஒற்றை அறைதான். அவள் தம்பி ஜாபெஸுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் வயிற்றிலிருந்தபோது அவர்கள் அம்மாவுக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்திருக்கிறது. சீக்கிரமே அடங்கிவிட்டதால் யாரும் பொருட்படுத்தவில்லை. அது கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் ரூபெல்லா என்ற அம்மை என்று பின்னால்தான் தெரிந்தது. அமலி ரத்தப் பரிசோதனைப் படிப்பை எடுத்ததற்குக் காரணம் அதுதான்.

போன மழைக்காலத்தில் கொட்டச்சேடு கிராமத்துச் சக்தி தன் மனைவி வெண்ணிலாவைக் கூட்டி வந்தான். மூன்றாம் மாதம். அவன் அண்ணன் குழந்தைக்கு அதே அம்மை போட்டிருந்ததால் டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். அமலி எடுத்த ரத்தம் சேலத்துக்குப் போனது. ரிப்போர்ட் நேராகச் சக்தியின் போனுக்கு வந்துவிட்டது.

அன்று மாலை அவன் என்னை அழைத்தான். "ஏனுங்க, கருவைக் கலைக்கறதுக்கு மாத்திரை இருக்குதுங்களா?"

டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன். "அப்பக் காலைல பஸ்ஸுக்குச் சேலம் போயிக்கறமுங்க" என்று வைத்துவிட்டான்.

அமலியிடம் ஓடினேன். அவள் தனக்கும் வந்திருந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். சக்தியின் போன் கிடைக்கவில்லை. டாக்டரை அழைத்துப் பேசினாள். பிறகு கதவைப் பூட்டிவிட்டு, "அண்ணா, வண்டிய எடுங்க" என்றாள். தூறலிலேயே கிளம்பினோம்.

சக்தியின் வீட்டில் வெண்ணிலா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் ராசாத்தி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்களே" என்று போனை நீட்டினான் சக்தி.

அமலி வெண்ணிலாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இதுல ரெண்டு வரி இருக்குது பாரு கண்ணு. மேல இருக்கறது ஐஜிஎம். கிருமி புதுசா வந்தா மொதல்ல உண்டாகறது அது. உனக்கு அது இல்லை. கீழ இருக்கறது ஐஜிஜி. எப்பவோ வந்துபோன அம்மையாலயோ, தடுப்பூசியாலயோ உண்டாகி ஒடம்புலயே தங்கிக்கும். அதுதான் பாசிட்டிவ்."

"நல்லதா கெட்டதா, அதச் சொல்லு சாமி" என்றார் ராசாத்தி.

"நல்லதுங்கம்மா. தோட்டத்துல காட்டுப்பன்னி பூந்தா நாய் கொலைக்குமில்லீங்களா? இங்க நாய் கொலைக்கலைங்க. வேலி மட்டும் முன்னமே நிக்குது."

"பள்ளிக்கூடத்துல எங்களுக்கெல்லாம் ஒரு ஊசி போட்டாங்க" என்றாள் வெண்ணிலா மெதுவாக.

"அதாத்தான் இருக்கும். டாக்டரும் பயப்பட வேண்டாம்னுட்டாங்க. ஆனா ரெண்டு மூணு வாரத்துல இன்னொருக்காப் பார்த்தரோணும். அதுலயும் ஐஜிஎம் இல்லைன்னாத்தான் முழு நிம்மதி."

தெரிந்ததைச் சொன்னாள், இன்னும் தெரியாததையும் மறைக்கவில்லை. எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது அதுதான். வெண்ணிலா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ராசாத்தி அடுக்கிய துணிகளை வெளியே எடுத்தார்.

இரண்டாம் பரிசோதனையிலும் ஐஜிஎம் இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டு இனிக் கவலையில்லை என்றார். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது கொட்டச்சேட்டிலும் நாகலூரிலும் கல்யாணமான பெண்கள் பலர், பிள்ளை உண்டாவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு ரத்தம் கொடுக்க வருகிறார்கள். ஐஜிஜி இல்லாதவர்களை அமலி தடுப்பூசிக்கு அனுப்புகிறாள். ரிப்போர்ட் அவர்கள் போனுக்கு வந்துவிட்டாலும் ஒவ்வொருவரையும் நேரில் வரச் சொல்கிறாள். வராவிட்டால் என் வண்டிச் சாவியைக் கேட்டுக் கடை வாசலில் வந்து நிற்பாள்.