பதினேழு கோப்புகளில் அச்சகத்தின் பெயர்

என் அக்கா ஹெப்சிபாவின் கணவர் சாலமன்ராஜ் போன டிசம்பர் ஒன்பதாம் தேதி இறந்தார். வயது நாற்பத்தேழு. வேலை முடிந்து பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்க ஆராதனையில் போதகர் அவரைப் பற்றி நான்கைந்து நிமிடம் பேசினார். பாடகர் குழுவில் கனத்த குரல், யாரையும் கடிந்து பேசாதவர், சிவகாசியில் ஒரே காலண்டர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். எல்லாம் உண்மைதான். அவர் ஒரு மென்பொருள் எழுதியிருந்தார் என்பதைப் போதகர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தானின் ஊர் விஸ்வநத்தம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவர்கள். இவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆறு மாதம் டிடிபி படித்து, இருபத்தைந்து வயதில் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலையில் சேர்ந்தார். வாழ்த்து அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள், டைரி, காலண்டர் என்று அவர் கையில் போகாத வேலை இல்லை. எந்த வேலையானாலும் கடைசியில் அடியில் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயரைப் போடவேண்டும். அதை ஒருநாளும் மறந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

தினசரித் தாள் கிழிக்கிற காலண்டரில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பெரிய தாளில் பதினாறு தேதிகள் சேர்ந்து அச்சாகும். அவற்றை வெட்டிக் கட்டுக்கட்டாக ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஜனவரி ஒன்றிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரை வரிசை பிசகாமல் வரவேண்டும். எந்தத் தேதியை எந்த மூலையில் வைப்பது என்பதைப் பென்சிலில் கணக்குப் போட்டுத்தான் அமைப்பார்கள். ஒரு வருடம் அத்தான் கணக்கில் தவறிவிட்டார். எட்டாயிரம் காலண்டரில் ஜூலை பதிமூன்றுக்கு முன்னால் பதினான்கு வந்துவிட்டது. பைண்டிங் பெண்களோடு மூன்று நாள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தாளை மாற்றி வைத்தார். அச்சக முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, “ஏலே சாலமன், சனிக்கிழமைய வெள்ளிக்கு முன்னால கொண்டாந்துட்டியே, சம்பளமும் ஒருநா முன்னாலயே வேணுமோலே?” என்று கேட்டுச் சிரிப்பாராம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அத்தான் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான், நாற்பது வயதில், பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கினார். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் உட்காருவார். ஐந்து வருடம் ஆனது. முந்நூற்று அறுபத்தைந்து பக்கங்களைக் கொடுத்தால் எப்படி வெட்டினாலும் வரிசையாக வரும்படி அதுவே அடுக்கித் தரும். ‘தேதிக்கட்டு’ என்று பெயர் வைத்தார். மொத்தம் பதினேழு கோப்புகள்.

நான் விருதுநகரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறேன். அதுபோக ஆறு வருடமாக ஒரு லினக்ஸ் வழங்கலுக்கு, அதாவது லினக்ஸையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் ஒரு குழுவுக்கு, ஊதியமில்லாமல் உதவி செய்கிறேன். அந்த வழங்கலில் ஒரு புது மென்பொருள் சேரவேண்டும் என்றால், ஒருவர் அதை நிறுவத் தயாரான பேக்கேஜாகக் கட்டி விண்ணப்பிக்கவேண்டும், வேறொருவர் சோதிக்கவேண்டும். எழுதியது யார், யாருக்கு உரிமை, எந்த லைசென்ஸ், சரியாக நிறுவ முடிகிறதா என்று வரிவரியாகப் பார்ப்போம். அந்த உரையாடல் முழுவதும் ஆங்கிலத்தில், ஊரறிய ஒரு பக்கத்தில் பதிவாகும். யாரும் படிக்கலாம், யாரும் அழிக்க முடியாது.

போன மே மாதம் அத்தான் தேதிக்கட்டைச் சேர்க்க விண்ணப்பித்தார். உலகத்தில் யாராவது ஒருவன், முகம் தெரியாதவன், ஒரு வரி கட்டளையில் அதைத் தன் கம்ப்யூட்டரில் நிறுவவேண்டும் என்பது அவர் ஆசை. “நம்ம பேரு தெரியாத ஊர்ல நம்ம சாமான் ஓடணும் கிருபா, பட்டாசு மாதிரி,” என்றார். இரண்டு மாதம் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. அதனால் நானே எடுத்தேன். விண்ணப்பித்தவர் என் அக்காவின் கணவர் என்று முதல் வரியிலேயே அறிவித்துவிட்டேன். உறவை அறிவித்துவிட்டால் சோதிக்க விதி இடம் கொடுக்கிறது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முந்தின வருடம் நான் சோதித்துத் தேர்வு செய்த ஒரு பேக்கேஜில் உரிமை இல்லாத எழுத்துரு ஒன்று இருந்தது. வேறொருவர் அதைக் கண்டுபிடித்துப் பொதுவில் எழுதினார். மரியாதையாகத்தான் எழுதினார். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. இப்போது உறவினர் பேக்கேஜ் வேறு. கிருபா சொந்தக்காரருக்கு விதியைத் தளர்த்திவிட்டாள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அத்தானின் கோப்புகளைத் திறந்தபோது என் மனதில் முதலில் இருந்தது.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் காப்பிரைட் வரி ஒன்று இருக்கவேண்டும். வருடம், உரிமையாளர் பெயர். அத்தான் பதினேழு கோப்புகளிலும் அச்சகத்தின் பெயரைப் போட்டிருந்தார்.

பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அச்சகம் அவரை இதை எழுதச் சொல்லவில்லை. அவர் வீட்டில், தன் கம்ப்யூட்டரில், ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினார். பெயர் போட ஓர் இடம் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த மாதிரி இடத்தில் எந்தப் பெயரைப் போட்டாரோ அதைப் போட்டுவிட்டார். சிவகாசிக்காரர் எவரும் செய்யக்கூடிய காரியம். நான் போனை எடுத்து, “அத்தான், இது நீங்க எழுதினதுதான, ஏன் பிரஸ் பேரு?” என்று கேட்டிருக்கலாம். இல்லை, அந்தப் பக்கத்திலேயே எளிமையாகக் கேட்டிருக்கலாம்.

நான் ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: உரிமையாளர் ஒரு நிறுவனம் என்று தெரிகிறது. அந்த நிறுவனம் எழுத்து மூலமாக அனுமதி தரும்வரை இந்தச் சோதனையைத் தொடர இயலாது. அது ஜூலை கடைசி வாரம்.

விதிப்படி அதில் ஒரு சொல் தப்பில்லை. ஆனால் அத்தானுக்கு அதன் அர்த்தம், முதலாளியிடம் போய்க் கையெழுத்துக் கேள் என்பது. ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிட்டால் டிசம்பர் முடியும்வரை சீசன். சீசனில் முதலாளியிடம் யாரும் சொந்தக் காரியம் கேட்கமாட்டார்கள். லீவு கேட்கமாட்டார்கள், கல்யாணப் பத்திரிகைகூட நீட்டமாட்டார்கள். எல்லாம் பொங்கலுக்குப் பிறகுதான். இதுவும் எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவும் சிவகாசியில் பைண்டிங்கில் இருந்தவர்தான்.

ஒரு மாதம் பதில் வரவில்லை என்றால் நினைவூட்ட வேண்டும். செப்டம்பர் முதல் வாரம் நினைவூட்டினேன். அந்த ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“கிருபா, அந்தக் கையெழுத்து விஷயம்...” என்று அத்தான் ஆரம்பித்தார்.

“அத்தான், எதுன்னாலும் அங்கன எழுதுங்க. வீட்ல பேசுனா அந்தச் சோதனைய நான் பார்க்கக்கூடாதுன்னு ஆயிரும்.”

“ஒரு வார்த்தைதான்.”

“அந்த ஒரு வார்த்தைய அங்கன எழுதுங்க.”

அவர் கையிலிருந்த சோற்று உருண்டையைப் பார்த்துச் சிரித்தார். “ஹெப்சி, ஆபீசரம்மாவுக்கு இன்னொரு மீன் துண்டு வை. லஞ்சம்னு எழுதிறப் போறாக, பாத்து வை,” என்றார்.

நானும் சிரித்தேன். அந்த ஒரு வார்த்தை என்ன என்று அன்று கேட்கவில்லை.

செப்டம்பர் முப்பதாம் தேதி வரை பதில் இல்லை. விண்ணப்பித்தவரிடமிருந்து பதில் இல்லாததால் மூடப்படுகிறது என்று எழுதி மூடிவிட்டேன். அன்று மாலை சரியாக நடந்துகொண்டோம் என்ற திருப்திகூட இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பிறகு இரண்டு முறை அவரைப் பார்த்தேன். சபையின் அறுப்பின் பண்டிகையில் ஒருமுறை, அக்காவின் பிறந்தநாளில் ஒருமுறை. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் சொன்னபடி கேட்டார்.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம், அவர் கம்ப்யூட்டரில் இருக்கிற போட்டோக்களை எடுத்துத் தரச் சொன்னாள் அக்கா. தேடும்போது ‘பதில்’ என்ற ஃபோல்டர் கண்ணில் பட்டது. உள்ளே ஆறு கோப்புகள். முதலாவது நாங்கள் மீன் குழம்பு சாப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதியது. ஆறாவது செப்டம்பர் இருபத்தேழு. ஆங்கிலத்தில், ஒன்றையே ஆறு முறை திருத்தி எழுதியிருந்தார்: மதிப்பிற்குரிய ரிவ்யூவர் மேடம், இப்போது எங்கள் ஊரில் சீசன் காலம். இந்தக் காலத்தில் முதலாளியிடம் சொந்த விஷயம் கேட்பது வழக்கம் இல்லை. பொங்கல் முடிந்ததும் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். தயவுசெய்து அதுவரை காத்திருக்கவும்.

ஆறாவதில் ஒரு பிழைகூட இல்லை. அப்போதும் அனுப்பவில்லை.

அக்காவிடம் கேட்டேன். “இதை ஏங்க்கா அனுப்பல?”

“இங்கிலீஸ் சரியா இருக்கான்னு யாராச்சும் பாக்கணும்னாக. கிருபாகிட்ட காட்டுங்களேன்னேன். ‘ஜட்ஜுகிட்டயே போயி மனு எழுதித் தாங்கன்னு கேக்கச் சொல்லுதியா’ன்னு சிரிச்சாக.” அக்கா திரையைப் பார்த்தாள். “அம்புட்டுதான். பெறகு வேலைக்குப் போயிட்டாக.”

பொங்கல் முடிந்ததும் நான் அய்யாதுரை அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். மெஷின் ஓடவில்லை. கூடம் முழுவதும் கூட்டிப் பெருக்கிக் கிடந்தது.

“சாலமன் கொழுந்தியாளா நீங்க? உக்காருங்க. காப்பி குடிக்கீகளா?”

நான் விஷயத்தைச் சொன்னேன். இந்த மென்பொருளை அவர் வீட்டில் எழுதினார், அதில் அச்சகத்துக்கு உரிமை எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். “கேட்டானே,” என்றார்.

“எப்ப அண்ணாச்சி?”

“ஆடிப் பதினெட்டு பூசை அன்னைக்கு. எல்லாரும் நிக்கும்போது வந்தான். சீசன் முடியட்டும் அண்ணாச்சி, ஒரு கையெழுத்து வேணும்னான். சரிலேன்னேன். எதுக்குன்னுகூடக் கேக்கல. அவன் கேட்டா எதுலயும் போடலாம்.” கடிதத்தை விரலால் தட்டினார். “காலண்டரு நம்ம மெசின்ல அடிச்சது, அதுல நம்ம பேரு. இது அவன் மண்டையில இருந்து வந்ததுல்லா? இதுலயும் நம்ம பேரைப் போட்டு வச்சிருக்கான் பாருங்க. கிறுக்குப்பய.”

கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்து, மை காயும்வரை தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். “இதுக்கு என்ன நேரம் ஆகுது? அன்னைக்கே நீட்டியிருந்தாலும் போட்டுருப்பேன்,” என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பதினேழு கோப்புகளிலும் அச்சகத்தின் பெயரை எடுத்துவிட்டு சாலமன்ராஜ் என்று போட்டேன். பதினொரு நிமிடம் ஆனது. இந்த முறை விண்ணப்பித்தது நான் என்பதால் சோதிக்க வேறொருவர் வரவேண்டும். எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் இருக்கும் ஒருவர் நான்கே நாளில் எடுத்தார். உரிமையில் குறை இல்லை, நிறுவுவதில் குறை இல்லை என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார். இதே பேக்கேஜுக்கு முன்பு ஒரு விண்ணப்பம் பதிலில்லாமல் மூடப்பட்டிருக்கிறதே, அதில் எழுந்த பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

பதில் எழுதும் பெட்டியில் என்னென்னவோ எழுதி அழித்தேன். அத்தான் ஆறு முறை எழுதினார், நான் அதைவிட அதிகம். கடைசியில் எழுதியது இதுதான்: எழுதியவர் தன் பணிவினால் தன் முதலாளியின் பெயரைப் போட்டிருந்தார். சோதித்த எனக்கு அது தெரிந்திருந்தும் நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் சொல்ல வந்தபோது தடுத்தேன். தவறு என்னுடையது. அவர் டிசம்பரில் காலமானார்.

மறுநாள் பேக்கேஜ் தேர்வானது.

பிப்ரவரியில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பார்க்க, ஒரு வரி கட்டளை கொடுத்து தேதிக்கட்டை நிறுவினேன். அவர் பெயர் இருக்கும் கோப்பைத் திறந்து காட்டினேன். அவள் கண்ணாடி இல்லாமல் கிட்டே குனிந்து பார்த்தாள்.

“அக்கா, மொதல்ல இதை மூடினது நான்தான். அவுக பதில் போடலன்னு மூடிட்டேன்.”

“தெரியும்,” என்றாள். “மூடுன அன்னைக்கே சொன்னாக. ‘ரூல்படி மூடிட்டா, அவ செஞ்சதுதான் சரி, பொங்கல் கழிச்சு மறுபடியும் போடுதேன்’னாக. உன்கிட்ட இதைக் கேக்கக்கூடாதுன்னும் சொன்னாக.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேருக்கு முன்னால ‘மறைந்த’ன்னு எதுவும் போடலயே?”

“போடல.”

“போடாத,” என்றாள்.